பிடியரிசிப் பானையும் கல்யாணக் கையுறையும்

அண்டித்தோடு எரிகிற புகை மூக்கோடு நிற்பதில்லை. தொண்டைக்குள் இறங்கி, அங்கேயே ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடும். போன மாதம் பனச்சமூட்டில் பஸ்ஸுக்குக் காத்து நின்றபோது, சந்தைக்குப் பின்னால் ஒரு பேக்கரி அடுப்பிலிருந்து அந்தப் புகை வந்தது. முந்திரிக்கொட்டையை நாங்கள் அண்டி என்போம். அதை வறுத்து உடைத்துப் பருப்பெடுக்கும் தொழிற்சாலை எங்களுக்கு அண்டி ஆபீஸ். ஃபைலும் மேசையும் இல்லாத ஆபீஸ். காலை ஏழு மணிக்குக் குத்தவைத்தால் மாலை ஐந்து மணிக்கு எழும்புகிற ஆபீஸ். என் மாமி, அப்பாவின் அக்காள், இருபத்தாறு வருடம் அங்கே உடைத்தாள்.

அப்போது என் தோள்பையில் ஒரு கடிதம் இருந்தது. எங்கள் சபையின் ஆண்டுமலர்க் குழுவிலிருந்து வந்தது. மாமியைப் பற்றி இரண்டு பக்கம் வேண்டுமாம். தலைப்பையும் அவர்களே தந்திருந்தார்கள்: 'தாழ்மையான தலைமை'. கூடவே அச்சிடப்போகிற படத்தின் நகல். மாமி சேலை முந்தானையால் இரண்டு கைகளையும் மூடிக்கொண்டு, கண்ணைத் தாழ்த்தி நிற்கிறாள். அவளுக்கு எத்தனையோ படங்கள் உண்டு. கை தெரியாத படம் அது ஒன்றுதான். தேடித்தான் எடுத்திருக்கிறார்கள்.

எழுதுகிறேன். தலைப்பை மட்டும் திருப்பிக் கொடுத்துவிட்டு எழுதுகிறேன்.

மாமியின் கைகளிலிருந்துதான் தொடங்க வேண்டும். அண்டித்தோட்டின் கறை நெருப்பு மாதிரி. பட்ட இடம் பொள்ளும், தோல் உரியும், உரிந்த இடத்தில் கறுப்பு ஊறும். சாம்பலைப் பூசிக்கொண்டுதான் உடைப்பார்கள். அப்படியும் ஊறும். விரல் நுனியிலிருந்து உள்ளங்கை வரைக்கும் அடுப்பில் கிடந்த பாத்திரத்தின் அடிப்பாகம் போல இருக்கும் அந்தக் கை. புளி போட்டுத் தேய்த்தாலும், எலுமிச்சை போட்டுத் தேய்த்தாலும் போகாது. அந்தக் கைதான் அப்பாவைப் படிக்க வைத்தது. அப்பாவின் சட்டை எப்போதும் வெள்ளை. தாலுகா ஆபீஸில் மேசையும் ஃபைலும் உள்ள வேலை. சபையில் செயலர் பதவி. மாமி கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை. விடை தெரிந்த கேள்வியை யார் கேட்பார்கள்?

மாமியின் பகல் முழுவதும் முதலாளியுடையது. ஆகவே விடியலைத் தனக்கென்று எடுத்துக்கொண்டாள். நான்கரை மணிக்கு எழுந்து அன்றைக்கு முழுவதற்குமான உலையை வைப்பாள். உலைக்கு அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடியை எடுத்து வேறொரு மண்பானையில் போடுவாள். அது பிடியரிசி. எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் அது பழைய வழக்கம். தாங்கள் உண்பதற்கு முன்னால் ஒரு பிடி ஒதுக்கி, மாதத்தின் முதல் ஞாயிறு கோவிலுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். அடுப்பு எரியாத வீடுகளுக்கு அது போகும். பிடியைப் போட்டபின், வண்டு விழாமலிருக்க, மாமி கையை உள்ளே விட்டு அரிசியை ஒருமுறை அடிவரைக்கும் கிளறிவிடுவாள். பிறகு, மரச்சீனிக்கிழங்கும் தேங்காயும் போட்டுவைக்கிற சின்ன அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். அந்த அறைக்கு மாமி வைத்த பெயர் 'அறைவீடு'. வீட்டுக்குள் ஒரு வீடு. உலை கொதிக்கும்வரை அங்கே இருப்பாள். கடிகாரம் கிடையாது. அரிசியோடு உலை கொதித்து மூடி ஆடினால் ஜெபம் முடிந்தது என்று அர்த்தம்.

சனிக்கிழமை இரவுகளில் நான் மாமி வீட்டில்தான் படுப்பேன். கதவு இடுக்கு வழியாகப் பலமுறை எட்டிப் பார்த்திருக்கிறேன். மாமி வாயைத் திறப்பதே இல்லை. எங்கள் சபையில் ஜெபம் என்றால் தொண்டை நரம்பு புடைக்க வேண்டும், இரண்டு வீடு தள்ளிக் கேட்க வேண்டும். மாமியோ சம்மணமிட்டு, இரண்டு உள்ளங்கைகளையும் மேல்நோக்கி மடியில் விரித்து வைத்து, சும்மா இருப்பாள். கறையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள், பாவம், என்று நினைத்துக்கொள்வேன். அவளிடம் இன்னொரு பழக்கமும் உண்டு. யார் என்ன சுடுசொல் சொன்னாலும் அன்றைக்கே பதில் சொல்லமாட்டாள். "நாளைக்குச் சொல்லாம்" என்பாள். அந்தச் சொல் ஓர் இரவைத் தாண்டி, ஓர் உலைக் கொதியைத் தாண்டித்தான் வெளியே வரும்.

எனக்குப் பத்து வயது நடந்த வருடம், சபைக் கமிட்டித் தேர்தலில் பெண்களும் நிற்கலாம் என்றார்கள். நிற்கச் சொன்னவர்கள், யாராவது டாக்டரம்மாளோ டீச்சரம்மாளோ நிற்பார்கள் என்று நினைத்திருக்க வேண்டும். அண்டி ஆபீஸ் பெண்கள் மாமியை நிறுத்தினார்கள். கூட்டமாக வந்து ஓட்டுப் போட்டார்கள். மாமி வென்றாள். அப்பா வாங்கியதைவிட அதிக ஓட்டுகளில்.

அடுத்த சனிக்கிழமை காலை எங்கள் வீட்டு முன்னறையில் கமிட்டியார் கூடினார்கள். மாமிக்குச் சொல்லி அனுப்பவில்லை. அவளுக்கு அன்று வேலை நாள் என்பது எல்லோருக்கும் தெரியும். நான் வாசல்படியில் வீட்டுப்பாடம் எழுதுகிற பாவனையில் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். மறுநாள் முதல் ஞாயிறு, நற்கருணை நாள். எங்கள் சபையில் விசுவாசிகள் எழுந்து போய் வாங்குவதில்லை. கமிட்டியார் நான்குபேர் அப்பத்தட்டை ஏந்தி, பெஞ்சு பெஞ்சாக வந்து கொடுப்பார்கள். புதிதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவருக்குக் கடைசித் தட்டு. கடைசித் தட்டுக்காரர் பின்வரிசைகளுக்குக் கொடுத்துவிட்டு, முன்பெஞ்சில் வந்து உட்கார்ந்திருக்கும் மற்ற மூன்று தட்டுக்காரர்களுக்கும் கொடுக்க வேண்டும்.

"அந்தக் கையைப் பாத்தா ஆளுகளுக்கு மனசு இடறும்" என்றார் துணைத்தலைவர். ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டர். மெதுவாகப் பேசுவதையே பரிசுத்தம் என்று நினைப்பவர். "நான் குற்றம் சொல்லல்ல, கேட்டியளா. தலைமைன்னா ஊழியமாக்கும். நம்ம சகோதரி ஊழியம் செய்யட்டு. கோவிலைத் தூத்துவாரட்டு, பூ வைக்கட்டு, பாத்திரம் கழுவட்டு. தட்டு எதுக்கு?"

இருபது வருடமாகக் கோவிலைக் கூட்டித் தூத்துவாருவது மாமிதான் என்பதை யாரும் சொல்லவில்லை. ஹெட்மாஸ்டர் கையில் வாரியலை யாரும் பார்த்ததில்லை என்பதையும் யாரும் சொல்லவில்லை. அப்பா தொண்டையைச் செருமினார். ஏதோ சொல்லப்போகிறார் என்று நான் பென்சிலைக் கீழே வைத்தேன்.

"கையுறை போட்டா?" என்றார் அப்பா.

கமிட்டியார் அதை ஒரு ஞானமான யோசனை என்றார்கள்.

அவர்கள் போனபின் அம்மா டிரங்குப் பெட்டியைத் திறந்தாள். திறந்தாள் என்பதைவிட, அப்பா திறக்கச் சொல்லிக்கொண்டு நின்றார். அடியில் தன் கல்யாண வெள்ளைச் சேலைக்குள் சுருட்டி வைத்திருந்த கையுறைகளை அம்மா எடுத்தாள். மெல்லிய லேஸ், மணிக்கட்டில் இரண்டு முத்துப் பொத்தான்கள், பாச்சா உருண்டை மணம். அவள் அவற்றைப் பழைய பேப்பரில் சுற்றி என்னிடம் தந்தாள். அப்பா என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "மாமிகிட்ட கொடு. நாளைக்கு இதைப் போட்டுட்டு வரச்சொல்லு. நான் சொல்லி அனுப்பினேன்னு சொல்லு."

எங்கள் வீடு இருந்த குன்னத்துகாலிலிருந்து மாமி வீடு நடந்துபோகிற தூரம். ரப்பர் தோட்டத்துக்குள் புகுந்து போகும்போது அந்தப் பொட்டலம் என் கையில் கனத்துக்கொண்டே வந்தது. நான் அன்று புரட்சி எதுவும் செய்யவில்லை. இதை எழுதும்போது அப்படிச் சொல்லிக்கொள்ள ஆசையாகத்தான் இருக்கிறது, ஆனால் பயந்தேன், அவ்வளவுதான். இதைக் கொடுத்தால் மாமி அழுவாள். மாமி அழுது நான் பார்த்ததில்லை. பார்க்கவும் விரும்பவில்லை. ஓடையில் எறிந்தாலோ அம்மா என்னைத் தோலுரித்துவிடுவாள். கல்யாணக் கையுறை அல்லவா.

மாமி இன்னும் வேலையிலிருந்து வரவில்லை. வீட்டுக்குள் நின்று சுற்றிப் பார்த்தேன். ஒளித்துவைக்க உலகத்திலேயே பத்திரமான இடம் ஒன்று கண்ணில் பட்டது. பிடியரிசிப் பானை. அதிலிருந்து யாரும் எதையும் எடுக்கமாட்டார்கள், போட மட்டும்தான் செய்வார்கள். அது கடவுளின் பானை. பேப்பரைப் பிரித்து எடுத்துவிட்டு, கையுறைகளை உள்ளே வைத்து, மேலே அரிசியைத் தள்ளி மூடினேன். என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன். மறுநாள் முதல் ஞாயிறு என்பதும், மாதத்துக்கு ஒருமுறை அந்தப் பானை கவிழ்க்கப்படும் என்பதும் எங்கே போயின என்று இன்றுவரை தெரியவில்லை.

விடியலில் ஒரு சீறல் சத்தம் என்னை எழுப்பியது. உலை பொங்கி வழிந்து நெருப்பில் விழுந்துகொண்டிருந்தது. மூடி தடதடவென்று ஆடியது. அறைவீட்டின் கதவு சாத்தியே கிடந்தது. "மாமி, உலை பொங்குது" என்றேன். நானே துணியால் பிடித்து மூடியை இறக்கி வைத்தேன். விறகை வெளியே இழுத்தேன். தண்ணீர் அடங்கி, மறுபடி சூடேறி, மறுபடி கொதித்தது. அப்போதும் மாமி வரவில்லை. கதவு இடுக்கில் கண் வைத்தேன். அதே இருப்பு, அதே விரித்த கைகள். ஆனால் அன்று கைகள் நடுங்கின. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மெல்ல மெல்ல நடுக்கம் அடங்கியது. வெளியே வந்தவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"கஞ்சி குழைஞ்சுபோச்சா?"

"ஆமா மாமி."

"பரவாயில்ல. குடிச்சிட்டு வா, போவாம். பானையை நான் எடுத்துக்கிடுதேன்."

பானை. அந்தச் சொல்லைக் கேட்டதும்தான் அன்று முதல் ஞாயிறு என்பது எனக்கு உறைத்தது.

வழியெல்லாம் அண்டி ஆபீஸ் பெண்கள் சேர்ந்துகொண்டார்கள். ஆளுக்கொரு பானையோ பையோ. தட்டு விஷயம் எப்படியோ அவர்கள் காதுக்கு எட்டியிருந்தது. எங்கள் ஊரில் மூடிய கதவு என்று ஒன்று கிடையாது. "குருசுல தொங்கினவருக்க கை மட்டும் என்னவாம், பவுடர் போட்ட கையா?" என்று ஒருத்தி கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். "நீ சும்மா வாட்டீ, கோவில் வந்தாச்சு" என்றாள் மாமி. அவளும் சிரித்தபடிதான் சொன்னாள்.

கோவிலின் பக்க அறையில் கமிட்டியார் கூடி நின்றார்கள். அப்பா முதலில் மாமியின் கைகளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் உத்திரத்தில் இருந்த பல்லியைப் பார்த்தேன். ஹெட்மாஸ்டர் அதே மெதுவான குரலில், "சகோதரி, இன்னைக்கு நீங்க இருங்க. அடுத்த மாசம் பாக்காம்" என்றார். மாமி தலையை அசைத்தாள். "முதல்ல காணிக்கை கழியட்டு" என்றாள். அதைச் சம்மதம் என்று அவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

காணிக்கைப் பாட்டு தொடங்கியது. பெண்கள் வரிசையாகப் போய், பலிபீடத்துக்கு முன்னால் வைத்திருந்த பெரிய வெண்கல உருளியில் பிடியரிசியைக் கொட்டினார்கள். ஒவ்வொரு பானைக்கும் ஒரு மழைச் சத்தம். மாமியின் முறை வந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். மழைச் சத்தம் பாதியில் நின்றது.

கண்ணைத் திறந்தபோது உருளியின் அரிசிக் குவியலுக்கு மேல் இரண்டு வெள்ளைக் கைகள் கிடந்தன. ஒன்று மல்லாந்து, ஒன்று குப்புற. முதலில் ஒரு பையன் சிரித்தான். பின் பெண்கள் பக்கம் முழுவதும் குலுங்கியது. பாடிக்கொண்டிருந்தவர்கள் பாட்டை விட்டார்கள். போதகர் புதியவர், இளைஞர். "இதெந்தா?" என்று மலையாளத்தில் அவரே அவரைக் கேட்டுக்கொண்டார். அப்பாவின் முகம் அவர் சட்டையைப் போல ஆனது.

மாமி திடுக்கிடவில்லை. அது எனக்கு அப்போது விசித்திரமாகத் தோன்றவில்லை. அவள் கையுறைகளை எடுத்து, உருளியின் மேலேயே உதறி, விரல்களுக்குள் புகுந்திருந்த அரிசியை ஒவ்வொன்றாகத் தட்டிவிட்டாள். ஒரு மணியும் வீணாகக்கூடாது என்பதுபோல, அவசரமே இல்லாமல். பிறகு பெண்கள் பக்கம் நடந்துபோய் அம்மாவின் மடியில் வைத்தாள்.

"உனக்க கல்யாண உறை இல்லியா இது? நானாக்கும் அன்னைக்கு இந்தப் பொத்தானைப் போட்டுவிட்டது. பத்திரமா வை."

அவ்வளவுதான் சொன்னாள். ஆனால் கோவில் முழுவதற்கும் கேட்டது. யார் வீட்டுப் பெட்டியிலிருந்து அது வந்தது, எதற்கு வந்தது என்று கடைசிப் பெஞ்சுவரை புரிந்துவிட்டது. எனக்குத்தான் காது கொதித்தது. அம்மா கையுறைகளை மடித்துத் தன் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு நேராக உட்கார்ந்தாள். அம்மா அவ்வளவு நேராக உட்கார்ந்து நான் அதற்குமுன் கண்டதில்லை.

நற்கருணை வந்தது. போதகர் ஆசீர்வதித்து மூன்று தட்டுகளை மூன்றுபேருக்குக் கொடுத்தார். நான்காவது தட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஹெட்மாஸ்டரைப் பார்த்தார். ஹெட்மாஸ்டர் தலையை இடமும் வலமும் ஆட்டினார். மாமி ஏற்கனவே போய் நின்று இரண்டு கைகளையும் நீட்டியிருந்தாள். விடியலில் மடியில் விரித்த அதே நீட்டல். அந்த இளைஞர் ஒரு கணம் அந்தக் கைகளைப் பார்த்தார். தட்டை வைத்தார்.

பின்வரிசைகளில் அண்டி ஆபீஸ் பெண்கள் கை நீட்டினார்கள். கறுத்த கை கொடுத்தது, கறுத்த கைகள் வாங்கின. அந்தக் கைகள் இத்தனை வருடமும் அதே தட்டிலிருந்துதான் அப்பம் எடுத்திருக்கின்றன. யாருக்கும் மனசு இடறியதில்லை. வாங்குகிற கை எந்த நிறத்திலும் இருக்கலாம், கொடுக்கிற கைக்குத்தான் உறை வேண்டும். தாழ்மையைப் பற்றிப் பிரசங்கம் செய்கிறவர்களே, மலர் போடுகிறவர்களே, இந்த ஒரு வரியை அச்சிடுங்கள். மீதியை வெட்டிவிடுங்கள்.

கடைசியாக மாமி முன்பெஞ்சுக்கு வந்தாள். மூன்று தட்டுக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். முதலில் ஹெட்மாஸ்டர், அடுத்து அப்பா, அதற்கடுத்து ஒருவர். மாமி ஹெட்மாஸ்டருக்கு முன்னால் தட்டை நீட்டினாள். ஹெட்மாஸ்டர் கண்ணை மூடி ஜெபித்துக்கொண்டிருந்தார். அல்லது கண்ணை மூடியிருந்தார்.

மாமி நின்றாள்.

அடுத்த ஆளுக்கு நகர்ந்திருக்கலாம். சபை அதைத்தான் எதிர்பார்த்தது. அவள் நின்றாள். பாட்டின் கடைசிச் சரணம் முடிந்தது. பாடகர் குழு என்ன செய்வதென்று தெரியாமல் முதல் சரணத்திலிருந்து மறுபடி பிடித்தது. மாமியின் முகத்தில் கோபம் இல்லை, கெஞ்சல் இல்லை. தட்டு ஒரு நூல்கூட அசையவில்லை. அண்டி ஆபீஸில் பத்து மணிநேரம் குத்தவைத்துப் பழகிய உடம்பு, அறைவீட்டில் அசையாமல் இருந்து பழகிய உடம்பு. அதை யார் ஜெயிக்க முடியும்? இரண்டாம் தடவையும் பாட்டு முடியப்போனது. அப்போது ஹெட்மாஸ்டரின் மடிக்குக் குறுக்கே ஒரு வெள்ளைச் சட்டைக் கை நீண்டு வந்தது. அப்பாவின் கை. அது ஒரு துண்டு அப்பத்தை எடுத்து வாயில் வைத்துக்கொண்டு, முகத்தை மூடியது. அதற்குப்பின் ஹெட்மாஸ்டரும் எடுத்தார். கண்ணைத் திறக்காமலே, இரண்டு விரலால்.

ஆராதனை கழிந்து எல்லோரும் போனார்கள். பெண்கள் மாமியைச் சுற்றி நின்று ஆரவாரம் செய்துவிட்டுப் போனார்கள். மாமி மூலையிலிருந்து வாரியலை எடுத்தாள். உருளியைச் சுற்றிச் சிந்திய அரிசியைக் கூட்டிச் சேர்த்தாள். நானும் மண்டியிட்டுப் பொறுக்கினேன். திட்டு எப்போது வரும் என்று பொறுக்கினேன். வரவில்லை. இதுதான் எனக்குக் குழப்பம்: இப்படி ஜெயித்த பிறகும் எதற்குத் தரையைக் கூட்டுகிறாள்? ஹெட்மாஸ்டர் சொன்ன வேலையைத்தானே செய்கிறாள்?

அப்பா வாசலில் வந்து நின்றார். செருப்பைக் கழற்றலாமா வேண்டாமா என்பதுபோல நின்றார்.

"அக்கா... நான் வாறேன்."

"சனிக்கிழமையும் வா" என்றாள் மாமி, நிமிராமலே. "வாரியல் ரெண்டு உண்டு."

அப்பா வந்தார். அந்தச் சனிக்கிழமையும் அதற்கடுத்த பல சனிக்கிழமைகளும். ஆனால் அது பின்னால். அன்று அவர் தலையை மட்டும் ஆட்டிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினார். மூன்றாவது படியில் மாமி என்னைக் கூப்பிட்டாள். நாங்கள் இருவரும் திரும்பினோம். அவள் வாரியலை ஊன்றிக்கொண்டு, வெயில் கண்ணில் படாமலிருக்க அந்தக் கறுத்த கையை நெற்றியில் வைத்துக்கொண்டு நின்றாள். எனக்கு வரவேண்டிய திட்டு வந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். இவ்வளவு சின்னத் திட்டா என்று ஆறுதல்கூட அடைந்தேன். அதைக் கேட்டதும் அப்பாவின் கை ஏன் என் கைக்குள் விறைத்தது என்பது விளங்குவதற்கு, எனக்கு மாமியின் அன்றைய வயது வரவேண்டியிருந்தது.

"எலே மக்கா, இனி எதையாவது ஒளிச்சா வேற பானை பாரு. இது தினமும் விடியக்காலம் நான் கை விட்டுக் கிளறுற பானையாக்கும், கேட்டியா."